15 நாள் பாலுக்கு 14 நாள் காசு: நோஷனில் கோட் சேர்த்த ஒரு பால் சங்கத்தின் கணக்கு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையிலிருந்து இன்னும் உள்ளே போனால் வருகிற ஒரு சின்னப் பால் சேகரிப்பு நிலையம். 64 உறுப்பினர்கள். செயலாளர் என் மாமா, பால் அளந்து பதிவது ஒரு அக்கா, மட்டக்களப்பு டவுனில் இருந்துகொண்டு கணினி வேலையைப் பார்ப்பது நான். கொப்பியில் எழுதிக் கால்குலேட்டரில் தட்டிக்கொண்டிருந்த கணக்கை நோஷன் என்ற குறிப்பு எழுதும் செயலிக்கு மாற்றி, அதற்கு மேல் கொஞ்சம் கோட் எழுதி, மாதம் இரண்டு தரம் பில் தானாக வருகிற மாதிரிச் செய்தோம். இப்போது ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் இடையில் இரண்டு தரம் ஆட்களுடைய காசில் பிழை விட்டோம், இரண்டும் நான் எழுதிய கோட்டால் வந்தவை. இதே மாதிரி ஒரு குறிப்பு எழுதும் செயலியில் சொந்தக் கோட் சேர்க்க நினைக்கிறவர்களுக்கு எது உதவும் என்று யோசித்தால் அந்த இரண்டு பிழையும்தான், அதனால் அவற்றையே நீட்டி எழுதுகிறேன்.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். விடிய 5 மணிக்கே பால் வரத் தொடங்கும். முன்னுக்கு வருகிறவர்கள் தூரத்து ஆட்கள், இருட்டோடு பால் கறந்து, சைக்கிளில் கானைக் கட்டிக்கொண்டு வருவார்கள். பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீற்றரைப் போட்டுப் பார்த்து, அளந்து, அவரவர் பால் புத்தகத்தில் அக்கா பேனையால் எழுதிக் கொடுப்பார். 7 மணிக்குப் பிறகு லொறி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மண்முனைப் பாலத்தால் போகும். 2014இல் அந்தப் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தில் வாவியைப் படகுப் பாதையில் ஏறித்தான் கடக்க வேண்டும், பாலின் கதை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். 1 முதல் 15 வரை தந்த பாலுக்குக் காசு கொடுக்க ஒரு பில், 16 முதல் மாதக் கடைசி வரை இன்னொரு பில். பில் போடும் இரண்டு இரவும் அக்காவுக்கு நித்திரை இல்லை, அதுதான் நான் இதைத் தொட்ட காரணம்.

ஏன் நோஷன், கூகுள் ஷீட் போதாதா என்று கேட்பார்கள். கணக்குக்கு மட்டும் என்றால் ஷீட் போதும். ஆனால் அக்காவின் பழைய கொப்பியைப் பார்த்தால், எண்களை விட ஓரத்தில் எழுதிய குறிப்புகள்தான் கூட. ‘பசு கன்று போட்டிருக்கு, பத்து நாளைக்குப் பால் வராது.’ ‘தீவனத்துக்கு முற்பணம் எடுத்தவர்.’ ‘மகன் வந்து வாங்குவான், மருமகனிடம் கொடுக்க வேண்டாம்.’ இவை எல்லாம் அந்த ஆளுடைய பக்கத்தில், அவருடைய பால் பதிவுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நோஷனில் ஒரு உறுப்பினர் என்றால் ஒரு பக்கம், அந்தப் பக்கத்துக்குள் என்னவும் எழுதலாம், அதே நேரம் அது ஒரு அட்டவணையின் வரியாகவும் இருக்கும். அதனால் மூன்று அட்டவணை போட்டோம்: உறுப்பினர், பால் பதிவு, பில். மூன்றையும் ரிலேஷன் போட்டு இணைத்தோம்.

நோஷனுக்குள்ளேயே ஆட்டோமேஷன் இருக்கிறது, ஆனால் நமக்குத் தேவையானது, அதாவது ஒரு பட்டனை அழுத்தினால் வெளியில் இருக்கிற கோட்டுக்கு வெப்ஹூக் என்ற தானியங்கிச் செய்தி போவது, காசு கட்டும் திட்டத்தில்தான் உண்டு. சங்கம் மாதம் மாதம் டொலரில் கட்டாது, கட்டவும் கூடாது. அதனால் கோட் எழுதி ஓட்டக் கூகுள் தருகிற ஆப்ஸ் ஸ்கிரிப்டை எடுத்தோம். அது இலவசம், கூகுளின் பக்கத்தில் ஓடுகிறது, எங்கள் பக்கம் கரண்ட் போனாலும் அதற்கு ஒன்றுமில்லை. 10 நிமிடத்துக்கு ஒருமுறை ட்ரிகர் என்ற ஒரு அலாரம் எழும்பி, நோஷனில் ‘கணக்கை முடி’ என்ற செக்பாக்ஸ் டிக் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இல்லை என்றால் ஓரிரு வினாடியில் படுத்துவிடும். சாதாரண ஜிமெயில் கணக்குக்கு ட்ரிகர் ஓட நாளைக்கு மொத்தம் 90 நிமிடம் தருகிறார்கள், ஒரு நாளில் 144 தரம் எழும்பினாலும் எங்களுக்கு அதில் ஒரு மூலைதான் செலவு.

தொடக்கச் சிக்கல்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் வருவது. கோட் நோஷனுக்குள் போவதற்கான சாவி, அதாவது டோக்கன் எடுத்தாயிற்று, கோட் சரி, ஆனால் அட்டவணையைக் காணோம் என்று 404 பிழை வருகிறதா? கோட்டை நோஷனோடு இணைக்கிற இன்டகிரேஷனை உருவாக்கினால் மட்டும் போதாது, அந்தப் பக்கத்துக்குப் போய் கனெக்ஷன்ஸில் அதைச் சேர்த்துவிட வேண்டும். டோக்கனைக் கோட்டுக்குள் ஒட்டாமல் ஆப்ஸ் ஸ்கிரிப்டின் அமைப்பில் இருக்கிற ஸ்கிரிப்ட் ப்ராப்பர்ட்டீஸில் வையுங்கள். அப்புறம், ஒரு தரம் கேட்டால் நோஷன் ஆகக்கூடியது 100 வரிதான் தரும். எங்களுக்கு 64 பேர், 15 நாள், 960 பதிவு. முதல் சோதனையில் வந்த பில்லில் இரண்டு நாள் பால்கூட முழுசாக இல்லை. ‘இன்னும் இருக்கிறது’ என்று சொல்லும் ஒரு புலமும், எங்கிருந்து தொடர்வது என்று சொல்லும் கர்சரும் பதிலோடு வரும், அதைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை கேட்டுக்கொண்டே போக வேண்டும். இது சோதனையிலேயே பிடிபட்டதால் ஒருவருக்கும் நட்டமில்லை.

நட்டம் தொடங்கியது ஜூன் 16 முதல் 30 வரையான முதல் உண்மையான பில்லில்.

நான் எழுதியது இப்படி: ஒரு உறுப்பினருடைய பில் போடப்படாத பதிவுகளை எடு, கூட்டு, பில் பக்கத்தை உருவாக்கு, பிறகு அந்தப் பதிவுகள் ஒவ்வொன்றிலும் ‘பில் போட்டாச்சு’ என்று டிக் போடு, அடுத்த ஆளுக்குப் போ. எல்லாம் முடிந்ததும் ‘கணக்கை முடி’ டிக்கை எடுத்துவிடு. வாசிக்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! எழுதும்போது எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் எண்ணிப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு பில், 15 டிக், மொத்தம் 16 தரம் நோஷனில் எழுத வேண்டும். 64 பேருக்கு 1,024. வெளிக் கோட்டுக்காக நோஷன் திறந்து வைத்திருக்கிற வாசல், அதாவது ஏ.பி.ஐ., சராசரியாக வினாடிக்கு 3 கோரிக்கைதான் ஏற்கும், கூடினால் 429 என்ற பிழை தந்து பொறுக்கச் சொல்லும். 1,024ஐ 3ஆல் வகுத்தால் 341 வினாடி. ஆப்ஸ் ஸ்கிரிப்ட் ஒரு ஓட்டத்துக்குத் தருவது 6 நிமிடம், 360 வினாடி. கடதாசியில் பார்த்தால் 19 வினாடி மிச்சம் இருக்கிற மாதிரித் தெரியும், ஆனால் வாசிக்கிற நேரம் இதில் சேரவில்லை, ஒவ்வொரு கோரிக்கையும் போய்த் திரும்பி வர அரை வினாடி பிடித்தாலே கதை முடிந்தது. 43ஆம் இலக்க உறுப்பினரின் பாதியில் கூகுள் ஓட்டத்தை நிறுத்திவிட்டது.

நின்றால் நின்றது, பிறகு பார்க்கலாம் என்று இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. டிக் எடுக்கிற வரி கடைசியில் இருக்கிறது, அதற்குக் கோட் போகவே இல்லை. எனவே 10 நிமிடம் கழித்து ட்ரிகர் மறுபடி எழும்பி, டிக் இருக்கிறது என்று கண்டு, முதலிலிருந்து தொடங்கியது. முதல் 42 பேருக்கும் பில் போடாத பதிவு இல்லை, தாண்டிப் போனது. 43க்கு ஏற்கனவே 15 நாளுக்கும் முழுப் பில் இருக்கிறது, ஆனால் டிக் விழாத பதிவு 9 கிடந்தது. அந்த ஒன்பதுக்கும் இன்னொரு பில். மிச்சப் பேருக்கு ஒழுங்காக வந்தது, எல்லாம் முடிந்தது என்று பச்சை நிறத்தில் காட்டியது, மாமா காசைக் கொடுத்தும் விட்டார்.

அடுத்த நாள் விடிய அந்த 43ஆம் இலக்கக்காரர் இரண்டு பில்லையும் காசையும் கொண்டு வந்து, “இதில ஒண்டு என்ர இல்லப் போல கிடக்கு” என்று மாமாவிடம் நீட்டியிருக்கிறார். பால் வற்றுகிற காலம், அவருக்கு அந்தக் காசு எவ்வளவு தேவை என்று மாமாவுக்குத் தெரியும். அதை மாமா போனில் சொன்னபோது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

இதைத் திருத்தியது இரண்டு மாற்றத்தால். முதலாவது, பதிவு ஒவ்வொன்றிலும் டிக் போடுவதையே விட்டுவிட்டேன். ரிலேஷன் இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரிப் போட்டிருந்தால், பில் பக்கத்தை உருவாக்கும்போதே அந்த 15 பதிவையும் அதில் இணைத்துவிடலாம், பதிவுகளின் பக்கத்தில் அது தானாகத் தெரியும். ஒரு கோரிக்கையில் 100 இணைப்பு வரை கொடுக்கலாம், நமக்கு 15தான். 1,024 கோரிக்கை 64 ஆகியது. இதை நான் ஏன் முதலிலேயே செய்யவில்லை என்றால், கொப்பியில் அக்கா ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சரிக்குறி போடுவார், நான் அதை அப்படியே கோட்டுக்குக் கொண்டு வந்தேன்.

இரண்டாவது, ஒவ்வொரு பில்லுக்கும் அதை மட்டும் அடையாளம் காட்டுகிற ஒரு திறவுச்சொல்: உறுப்பினர் இலக்கம், மாதம், முதல் பாதியா இரண்டாம் பாதியா. பில் உருவாக்கும் முன் அந்தச் சொல்லில் ஏற்கனவே பில் உண்டா என்று தேடும், இருந்தால் புதிதாகப் போடாமல் இருப்பதையே புதுப்பிக்கும். நோஷனில் ஒரே திறவுச்சொல் இரண்டு தரம் வராமல் தடுக்கிற வசதி கிடையாது, நாம்தான் பார்க்க வேண்டும். இரண்டு ஓட்டம் ஒரே நேரத்தில் முட்டாமல் இருக்க லொக் சேர்விஸும் போட்டேன். இப்போது நடுவில் நின்றாலும், மூன்று தரம் ஓடினாலும் வருவது ஒரே பில்தான். வேண்டுமென்றே பாதியில் நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்த்தேன். காசு சம்பந்தப்பட்ட எந்தக் கோட்டையும் இந்தச் சோதனை இல்லாமல் ஆட்களிடம் கொண்டு போகக் கூடாது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

ஆனால் பெரிய பிழை அதற்குள்ளேயே ஒளிந்து இருந்தது, அதை நாங்கள் ஒருவரும் காணவில்லை.

ஜூலை முதல் பில் கொடுத்த மறுநாள் ஒரு ஐயா வந்தார். 70 வயதுக்கு மேல் இருக்கும், தினமும் முதல் ஆளாக வருகிறவர். அன்று நானும் அங்கே நின்றேன். பால் புத்தகத்தை மேசையில் விரித்து, பில்லைப் பக்கத்தில் வைத்து, “தம்பி, என்ர பேத்தி கூட்டிப் பாத்தவ. உங்கட கடதாசியில ஆறரை லீற்றர் குறையுது கா” என்றார். குரலில் கோபம் இல்லை. நான் பில்லை எடுத்தேன், மொத்த லீற்றரும் காசும்தான் அதில் இருந்தது, எந்த நாள் குறைகிறது என்று பில்லைப் பார்த்து என்னாலேயே சொல்ல முடியவில்லை. அவர் விரலைப் புத்தகத்தின் மேலிருந்து கீழே கொண்டு போனார். தடித்த விரல், நகத்தில் புல்லின் கறை. அந்த 15 வரியில் 6.5 என்று இருந்தது ஒரே ஒரு வரி, முதல் வரி. ஜூலை 1.

நோஷனைத் திறந்தால் ஜூலை 1 பதிவு அங்கே இருக்கிறது. 5.12க்குப் பதிந்தது. அக்காவும், “எனக்குப் போன்ல அஞ்சு பன்னிரண்டெண்டுதானே காட்டுது தம்பி” என்றார். ஏ.பி.ஐ. என்ன தருகிறது என்று பார்த்தேன்: ஜூன் 30, 23.42.

விளங்கியிருக்கும். பதிவு உருவான நேரத்தை நோஷன் உலகப் பொது நேரத்தில் வைத்திருக்கிறது. திரையில் காட்டும்போது போனின் நேரத்துக்கு மாற்றிக் காட்டும், ஏ.பி.ஐ.யில் மாற்றாமல் அப்படியே தரும். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே. நான் அந்த நேரச் சரத்தின் முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்துத் திகதி என்று வைத்துக்கொண்டேன். எனவே விடிய 5.30க்கு முன் பதிந்த ஒவ்வொரு கானும் என் கோட்டின் கண்ணில் முதல் நாள் பால். நடு நாட்களில் அது வெளியே தெரியாது, ஒரு நாள் நகர்ந்து நிற்கும், அவ்வளவுதான். 1ஆம் திகதிப் பால் மட்டும் போன மாதம் 30க்குப் போகும், அந்தக் கணக்கு 30 பின்னேரமே முடிந்துவிட்டது. 16ஆம் திகதிப் பாலும் அப்படியே 15க்கு. ஆக ஒவ்வொரு பில்லிலும் ஒரு நாள் பால் எந்தக் கணக்கிலும் சேராமல் காணாமல் போகும், அதுவும் எல்லோருக்கும் இல்லை, 5.30க்கு முன் வருகிறவர்களுக்கு மட்டும். இருட்டில் எழும்பி, தூரத்திலிருந்து சைக்கிள் மிதித்து, முதல் ஆளாக வந்தவர்களுக்கு.

ஜூன் பில்லையும் திரும்பப் பார்த்தோம். 11 பேர், இரண்டு பில்லிலும். ஒருவரும் வாய் திறந்திருக்கவில்லை. கணினியில் வந்த கணக்கு பிழையாக இருக்காது என்று சிலர் நினைத்தார்களாம், மாமா வீடு வீடாகப் போய்க் காசைக் கொடுத்தபோது சொன்னது. என்னை ஆக வருத்தியது இதுதான். கொப்பிக் காலத்தில் அக்காவின் கூட்டல் பிழைத்தால் அந்த இடத்திலேயே கேட்பார்கள், அக்காவும் அந்த இடத்திலேயே திரும்பக் கூட்டுவார். நான் கொண்டு வந்த அச்சடித்த பில் அந்தக் கேள்வியை நிறுத்திவிட்டது.

நேரத்தைத் திருத்துவது சின்ன வேலை. ஆப்ஸ் ஸ்கிரிப்ட் ப்ராஜெக்டின் நேர வலயத்தை ஏசியா/கொலம்போ என்று வைத்து, திகதி எடுக்கிற எல்லா இடத்திலும் அந்த வலயத்திலேயே மாற்றி எடுத்தேன். ஆனால் அதோடு விடவில்லை. பதிவு உருவான நேரம் என்பது அக்கா தட்டிய நேரம், பால் வந்த நேரம் அல்ல. மழை நாளில் சிக்னல் இல்லை என்றால் அவர் புத்தகத்தில் எழுதி வைத்து அடுத்த நாள்தான் தட்டுவார். எனவே ‘பால் திகதி’ என்று தனியாக ஒரு புலம். வெறுமையாக இருந்தால் கோட் நிரப்பும், அக்கா பார்த்து மாற்றலாம், மாற்றியதைக் கோட் தொடாது.

பில்லும் மாறியது. இப்போது ஒவ்வொரு பில்லிலும் நாள் வாரியாக லீற்றர் வரும், மேலே பெரிதாக ‘15 நாளில் 15 நாள்’ அல்லது ‘15 நாளில் 13 நாள்’ என்று இருக்கும். கோட் போடுகிற பில் எல்லாம் முதலில் ‘பார்க்க வேண்டும்’ என்ற நிலையில்தான் நிற்கும். நாள் குறைந்த பில்களை அக்கா ஒவ்வொன்றாகத் திறந்து, பசு கன்று போட்டதா, ஆள் வரவில்லையா, அல்லது நாங்கள் விட்டதா என்று பார்த்து, ‘சரி’ என்று மாற்றுவார். ‘சரி’ ஆன பில்லைக் கோட் மறுபடி திறக்காது. மொத்த லீற்றரை லொறிக்காரர் தந்த ரசீதுகளோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை ஒரு பக்கத்தில் எழுதும். இதை முதலிலேயே செய்திருந்தால் இரண்டு பிழையும் முதல் பில்லிலேயே பிடிபட்டிருக்கும். பில்லும் பால் புத்தகமும் ஒத்துவரவில்லை என்றால் புத்தகம்தான் சரி, இது மாமா போட்ட சட்டம், பில்லின் அடியில் அப்படியே அச்சிட்டிருக்கிறோம்.

தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கதி. தொடக்கத்தில் பதிவில் பெயரைத் தட்டித்தான் ஆளைத் தேடினோம். பெயரில் ‘யோ’ வருகிற ஒருவர் இரண்டு ஆளாக வந்து நின்றார். கண்ணுக்கு ஒரே எழுத்து. ஆனால் ஒரு போனின் கீபோர்ட் ‘ோ’ என்பதை ஒரே குறியாகத் தருகிறது, இன்னொன்று முன்கொம்பையும் காலையும் இரண்டு குறியாகத் தருகிறது, கோட்டுக்கு அவை வேறு வேறு சொல். ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்ற ஒரு வரி இதைச் சரியாக்கும். ‘ஸ்ரீ’க்கு அது உதவாது, ஸவில் தொடங்கியும் எழுதலாம், ஶவில் தொடங்கியும் எழுதலாம், யூனிகோடுக்கு அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள். ‘ௌ’ போட வேண்டிய இடத்தில் கொம்பும் ‘ள’வும் தட்டுவதும் அப்படித்தான். கடைசியில் பெயரை விட்டுவிட்டு, கானில் பெயின்டால் எழுதியிருக்கிற உறுப்பினர் இலக்கத்துக்கு மாறினோம். ஆட்களே காலம் காலமாக அந்த இலக்கத்தைச் சொல்லித்தான் பால் கொடுக்கிறார்கள், நான்தான் பெயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கூட்டலிலும் கவனம். 4.35 லீற்றரை ஜாவாஸ்கிரிப்டில் 100ஆல் பெருக்கினால் 435 வராது, 434.99999999999994 வரும். கீழ்ப்பக்கம் வெட்டினால் 434. இப்படிச் சில கானில் ஒரு துளிதான், ஆனால் அது எப்போதும் கொடுக்கிறவர் பக்கத்திலிருந்தே போகும். வாசித்தவுடனேயே மில்லிலீற்றருக்கும் சதத்துக்கும் முழு எண்ணாக மாற்றி, அதற்குப் பிறகு முழு எண்ணிலேயே கணக்கு.

பொறுப்பு மாற்றம் பற்றியும் சொல்ல வேண்டும். ட்ரிகர் என் ஜிமெயிலில் ஓடிக்கொண்டிருந்தது. நான் நாளைக்கு வெளிநாடு போய்விட்டால், அல்லது என் கணக்கு முடங்கினால், 64 பேரின் பில் நிற்கும். இப்போது சங்கத்துக்கென்று ஒரு ஜிமெயில், கோட், ட்ரிகர், டோக்கன் எல்லாம் அதில். ட்ரிகரை எப்படி நிறுத்துவது, கையால் எப்படிப் பில் போடுவது என்று அக்காவுக்குக் காட்டி, அவர் தானே இரண்டு தரம் செய்து பார்த்தார். நோஷன் ஏ.பி.ஐ.யின் 2025-09-03 பதிப்பில் ஒரு அட்டவணைக்குள் பல தரவு மூலம் வைக்கிற முறை வந்தது. எங்கள் கோட் இன்னும் 2022-06-28 பதிப்பில் ஓடுகிறது, ஓடும், ஆனால் யாராவது அட்டவணையில் இரண்டாவது தரவு மூலத்தைச் சேர்த்தால் உடையும். அதைச் செய்ய வேண்டாம் என்று அந்தப் பக்கத்தின் தலையிலேயே எழுதி வைத்திருக்கிறோம்.

ஒரு வேலையை மட்டும் கோட்டுக்குக் கொடுக்கவில்லை. பெரும்போக நெற்செய்கைக் காலத்தில் வயலில் பயிர் நிற்பதால் மாடுகளை அப்புறப்படுத்த வேண்டும். மாதவணை, மயிலத்தமடு மேய்ச்சல் தரைப் பக்கம் போகிற மாட்டுப் பட்டிகளின் பால் அந்த மாதங்களில் எங்களிடம் வராது, அது பிரச்சினை இல்லை. கிட்டத்தில் மேய்கிற பட்டிகளில்தான் நாலைந்து பேருடைய பால் ஒரே கானில் கலந்து வரும், ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வருவார். எவருக்கு எத்தனை லீற்றர் என்று வாயால்தான் சொல்லுவார். மாட்டு எண்ணிக்கையை வைத்துக் கோட்டால் பிரிக்கலாமா என்று கேட்டேன். அக்கா மறுத்துவிட்டார். “ஒரு மாடு ஒரு நாளைக்குத் தாறத மறுநாளும் தருமா? கொண்டு வாறவர் சொல்லட்டும், நான் எழுதுறன், மறுகா அவங்களுக்குள்ள கதைச்சுச் சரி பாக்கட்டும்.” அந்தக் கானுக்கு நோஷனில் ‘கலந்த பால்’ என்று ஒரு குறி மட்டும் உண்டு. குறி விழுந்த பதிவுகளை அக்கா கையால் பிரித்து எழுதி முடிக்கும்வரை கோட் அந்த ஆட்களின் பில்லைப் போடாமல் காத்து நிற்கும்.